மட்டை வராத ஆண்டுகள்

1914 ஆகஸ்ட்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பீரங்கிச் சத்தம் எட்டாத தூரத்தில், சுமார் 11,000 கிலோமீட்டர் தள்ளி, அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் ஐரிஸில் அதனால் ஒரு விநோதமான பஞ்சம் வந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கோதுமையும் மாட்டிறைச்சியும் உலகுக்கு விற்ற நாடு அது. பஞ்சம் மட்டைக்கு. வாரக்கடைசிகளில் ஹர்லிங் ஆடிவந்த ஐரிஷ்காரர்களின் கையில் மட்டைகள் உடைந்துகொண்டிருந்தன. புது மட்டை அயர்லாந்திலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். போரில் அந்த வரத்து ஏறக்குறைய நின்றேபோனது. உள்ளூர் மரத்தில் செய்து பார்த்தார்கள். கை வலிக்கும் கனம். வளைந்து கொடுக்கவும் மறுத்தது. 1900 முதல் வாரந்தவறாமல் நடந்துவந்த ஆட்டம் தடுமாறி நின்றது.

இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு மட்டை செய்ய மரமா கிடைக்கவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் ஆட்டம். ஹர்லிங்கைப் பார்த்திராதவருக்குச் சொல்வது கொஞ்சம் சிரமம். பக்கத்துக்கு 15 பேர். கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய புல்வெளி. இரு முனையிலும் ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் கம்பங்கள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். பந்தின் பெயர் ஸ்லிட்டர்: உள்ளே தக்கை, வெளியே தோல், எடை 110 முதல் 120 கிராம். மட்டையின் பெயர் ஹர்லி. தரையில் கிடக்கும் பந்தை மட்டையால் நெம்பிக் கையில் எடுக்கலாம், அந்தரத்தில் தூக்கிப்போட்டு விளாசலாம், மட்டை முனையில் தாங்கியபடியே ஓடலாம். மேலே வரும் ஒரே பந்துக்கு இரண்டு மட்டைகள் எதிரெதிராக வீசப்படுவது அன்றாட நிகழ்ச்சி. நல்ல அடி விழுந்தால் பந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை எளிதில் தாண்டும். 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதைக் கவனித்துக் கை நீட்ட முக்கால் நொடிகூடக் கிடைக்காது.

பழைய ஆட்டம். 1366இல் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் கில்கென்னியில் போட்ட சட்டத்தில் இதற்குத் தடை இருக்கிறது. தடை போடும் அளவுக்கு அப்போதே ஆடியிருக்கிறார்கள். அயர்லாந்தின் சதுப்பு நிலங்களைத் தோண்டும்போது மாட்டு மயிரால் உருட்டிய பந்துகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக்சிஜன் புகாத, அமிலம் ஊறிய சதுப்புச் சேற்றில் மயிர் மக்காமல் கிடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் புலம்பெயர்வும் கிராமங்களைக் காலி செய்தபோது ஆட்டமும் தேய்ந்தது. 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி மாவட்டத்தின் தர்லஸ் ஊரில், ஹேஸ் என்பவரின் ஓட்டலில் மைக்கேல் க்யூசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹர்லிங்குக்கும் கேலிக் கால்பந்துக்கும் விதி எழுதி, ஊருக்கு ஊர் கிளப் அமைத்து, அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது அந்தச் சங்கம். ஐரிஷ்காரர்கள் போன இடமெல்லாம் அதுவும் போனது.

அர்ஜென்டினாவுக்கு அவர்கள் போன கதை அமெரிக்காவுக்குப் போன கதையிலிருந்து வேறுபட்டது. 19ஆம் நூற்றாண்டில் வெஸ்ட்மீத், லாங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் என்ற மூன்று மாவட்டங்களிலிருந்து பெரும்பாலானோர் போனார்கள். மொத்தம் 40,000 முதல் 50,000 பேர் இருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பாம்பாஸ் எனப்படும் அந்தப் புல்வெளியில் ஆடு மேய்த்தார்கள், சிலர் பெரும் பண்ணைக்காரர்கள் ஆனார்கள். அந்தோனி ஃபாஹி என்ற டொமினிக்கன் பாதிரியார் 1844இல் வந்து, கல்யாணம், கடன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். 1875இல் 'தி சதர்ன் கிராஸ்' என்ற பத்திரிகை தொடங்கியது. அதன் ஆசிரியராகவும் பின்னர் உரிமையாளராகவும் ஆன வில்லியம் புல்ஃபின்தான் நம் கதையின் நாயகர். அயர்லாந்தின் பர் ஊருக்கருகே 1863இல் பிறந்தவர், இருபதைக் கடந்த வயதில் அர்ஜென்டினா போய், பாம்பாஸ் பண்ணைகளில் குதிரையேறித் திரிந்துவிட்டுப் பேனா பிடித்தவர். அங்கே 1880களின் இறுதியிலேயே மெர்செதெஸ் என்ற ஊரில் யாரோ ஹர்லிங் ஆடியிருக்கிறார்கள். அதை இயக்கமாக்கியது புல்ஃபின். 1900 ஜூலையில் அவர் ஆதரவில் ஹர்லிங் கிளப் உருவானது. நகரப் பேட்டைகளிலும் பண்ணை ஊர்களிலும் அணிகள் முளைத்தன. 'லா நாசியோன்' போன்ற ஸ்பானியப் பத்திரிகைகளே ஆட்டச் செய்தி போட்டன.

புல்ஃபின் வீட்டில் ஊறிய ஐரிஷ் பற்று எப்படிப்பட்டது என்பதற்கு மகன் ஈமன் சாட்சி. புவனோஸ் ஐரிஸில் பிறந்தவர், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் கூரையில் கொடியேற்றினார், மரண தண்டனை பெற்று, அதிலிருந்து தப்பி, பிறந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அப்பா அதைப் பார்க்கவில்லை, 1910இலேயே இறந்துபோனார்.

இனி மரத்துக்கு வருவோம். ஹர்லி மட்டைக்கு மரபான மரம் ஐரோப்பிய ஆஷ். மல்லிகையும் பவளமல்லியும் ஆலிவும் சேர்ந்த தாவரக் குடும்பத்தில் இதுவும் ஒன்று என்றால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும். கோடரிப் பிடி, துடுப்பு, வண்டிச் சக்கரத்தின் வட்டை என்று அதிர்ச்சி தாங்க வேண்டிய இடத்திலெல்லாம் ஐரோப்பியத் தச்சர்கள் நூற்றாண்டுகளாக இதைத்தான் தேடினார்கள்.

மரத்தை வெட்டிப் பார்த்தால் திடமான கட்டையாகத் தெரிகிறது. உள்ளே அது நுண்ணிய குழாய்களும் நார்களும் சேர்ந்த கட்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றுவதும் மரத்தைத் தாங்கி நிறுத்துவதும் அவற்றின் வேலை. நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் அசையாது, குறுக்கே இழுத்தால் பிளந்துகொள்ளும். இரண்டு வலிமைக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். விறகு பிளப்பவருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஹர்லியின் வடிவத்தை இப்போது யோசியுங்கள். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளம். பிடி நேராக வந்து, முனையில் ஒரு பக்கமாக வளைந்து, உள்ளங்கை போல விரிகிறது. நேரான பலகையில் இந்த வடிவத்தை வரைந்து அறுத்தால் பிடி நன்றாக இருக்கும். வளைவில்தான் வம்பு: அங்கே நார்கள் மட்டையின் நீளத்தோடு போகாமல் குறுக்கே வெட்டுப்பட்டு, சிறு துண்டுகளாக நிற்கும். எதிராளியின் மட்டை ஒருமுறை மோதினால் முனை பெயர்ந்துவிடும். ஆகவே மரத்துக்குள்ளேயே வளைந்து ஓடும் நார் வேண்டும். நம் ஊர்த் தச்சர் கலப்பைக்குக் கருவேலத்தில் இயல்பாகவே வளைந்த கட்டையைத் தேடி அலைந்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆஷ் மரத்தில் அந்த வளைவு அடித்தூரில் இருக்கிறது. செங்குத்தாக இறங்கிவரும் நார்கள், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பக்கவாட்டில் திரும்பி வேருக்குள் நுழைகின்றன. அந்தத் திருப்பமும் மட்டையின் வளைவும் பொருந்துகின்றன. எனவே மட்டைக்காரர்கள் மரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, வேர் விரியும் இடத்தோடு சேர்த்து அறுக்கிறார்கள். தண்டின் கீழ்ப்பகுதி, சுமார் 1.3 மீட்டர், அவ்வளவுதான் மட்டைக்கு. மேலே நிற்கும் உயரமெல்லாம் இந்தத் தொழிலுக்கு வீண். 25, 30 வயது மரத்திலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய மட்டைகள்தான் தேறும்.

ஆஷ் மரத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. மெதுவாக வளர்ந்த மரம்தான் உறுதி என்று நினைப்போம். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அது பெருமளவு உண்மை. ஆஷ் தலைகீழ். வசந்தத்தில் இலை துளிர்க்கும்போது தண்ணீர் அவசரமாக வேண்டும் என்பதால் ஆஷ் அகலமான குழாய்களை ஒரு வரிசை கட்டுகிறது. அந்தப் பகுதி மென்மையானது. கோடையில் தடித்த சுவர் கொண்ட நார்களை அடுக்குகிறது, அதுதான் கெட்டி. நல்ல ஆண்டோ கெட்ட ஆண்டோ, குழாய் வரிசையின் அகலம் அதிகம் மாறாது. வேகமாக வளரும் ஆண்டில் கூடுவதெல்லாம் கெட்டி நார்ப் பகுதி. ஆக, ஈரமான, குளிர் கடுமையில்லாத, மண் செழித்த இடத்தில் வேகமாக வளர்ந்த ஆஷ்தான் அடி தாங்கும். அயர்லாந்தின் ஓயாத தூறலை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். மட்டை செய்பவர் திட்டியிருக்க மாட்டார்.

சரி, அர்ஜென்டினாவுக்கு என்ன குறை? தென் அமெரிக்கக் கண்டத்தில் ஆஷ் இனம் இயற்கையாகவே கிடையாது. பாம்பாஸ் மரமற்ற புல்வெளி. அங்கே நிழல் தரும் ஓம்பு என்ற பெருஞ்செடி பஞ்சு போன்றது, தச்சுக்கு உதவாது. வடக்கே வறண்ட காடுகளில் மரம் உண்டு, ஆனால் இரும்பு மாதிரி. கெப்ராச்சோ மரம் தண்ணீரில் மூழ்கிவிடும். அல்காரோபோ என்பது நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு; அதன் கனத்தை விறகு சுமந்தவர்கள் அறிவார்கள். காய்ந்த ஆஷ் மரம் ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் நிற்கிறது. கெப்ராச்சோ 1,000 கிலோவைத் தாண்டுகிறது. மட்டையில் இந்த வித்தியாசம் வெறும் பாரமாக மட்டும் வராது. சுழற்றும் பொருளில் எடையின் தடை, தூரத்தின் வர்க்கத்தால் பெருகும். கையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராம் கூடினால் எவ்வளவு தடையோ, 80 சென்டிமீட்டர் தள்ளிக் கூடினால் அதைப் போல 16 மடங்கு. மட்டையின் அகன்ற பாகம் இருப்பதோ அந்தக் கடைக்கோடியில். வீச்சு மந்தமாகும், பந்து தப்பும். வளைந்து கொடுக்காத மரமானால் மோதலின் அதிர்வு முழுதும் மணிக்கட்டில் இறங்கும்.

போர்க்காலப் பஞ்சத்தில் முதலில் அடிபட்டது குழந்தைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஹர்லி மட்டை ஆளின் உயரத்துக்கு அளந்து வாங்குவது. வளரும் பிள்ளைக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு புது அளவு வேண்டும். இருக்கிற சில மட்டைகளும் பெரியவர்களின் அளவு. பறக்கும் பந்தைக் கண்ணும் கையும் சேர்ந்து கணக்கிடும் பழக்கமோ ஏழெட்டு வயதில் ஊன்றவேண்டியது. நான்கு ஆண்டு மட்டை வராவிட்டால் ஒரு தலைமுறைக்கே கை பழகாது.

ஆனாலும் பழியை எல்லாம் மரத்தின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் முடிந்ததும் கப்பல் வந்தது, மட்டையும் வந்தது. 1922இல் அர்ஜென்டினா ஹர்லிங் கூட்டமைப்பு உருவானது. இன்றைய ஹர்லிங் கிளப் தன் பிறப்பாண்டாகக் கொள்வதும் அதையே. ஆட்டம் மட்டும் பழைய செழிப்புக்குத் திரும்பவில்லை. காரணம், ஆள் வரத்து அதற்கு முன்பே அறுந்திருந்தது. 1889இல் 'சிட்டி ஆஃப் டிரெஸ்டன்' என்ற கப்பல் 1,700க்கும் மேற்பட்ட ஏழைக் குடியேறிகளை ஒரே தடவையில் கொண்டுவந்து இறக்கியது. ஆசை காட்டி அழைத்தவர்கள் தங்க இடம்கூட ஏற்பாடு செய்திருக்கவில்லை. குழந்தைகள் பலர் இறந்தார்கள். செய்தி ஊருக்குப் போனது. அயர்லாந்துப் பாதிரிமார் அர்ஜென்டினாவின் பெயரைச் சொன்னாலே எச்சரித்தார்கள். ஆக புல்ஃபின் கிளப் தொடங்கும்போதே அந்தச் சமூகம் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்களின் சமூகம். பள்ளியில் ஸ்பானிய மொழி, தெருவில் கால்பந்து. புல்ஃபின் போன்ற ஒருவர் இழுத்துப் பிடித்ததால் ஆட்டம் ஓடியது. இரண்டாம் உலகப் போர் மறுபடி கப்பலை நிறுத்தியபோது பிடிக்க ஆளில்லை.

லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்தால் ஆள் வரத்தின் முக்கியத்துவம் விளங்கும். 1901ஆம் ஆண்டுக்கான அயர்லாந்து ஹர்லிங் இறுதியாட்டம் தாமதமாகி 1903 ஆகஸ்ட்டில் நடந்தது. அதில் கார்க் அணியை வென்றது லண்டன். வெளிநாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அந்த ஒரே தடவைதான். அஞ்சலகத்திலும் கட்டடவேலையிலும் சேர இளைஞர்கள் ஆண்டுதோறும் படகேறி லண்டன் வந்தார்கள், பழகிய கையோடு வந்தார்கள். பின்னாளில் ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவரான மைக்கேல் காலின்ஸ் தன் லண்டன் நாட்களில் ஜெரால்டைன்ஸ் கிளப்பின் செயலாளராக இருந்தவர்.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியின் 240ஆம் தெருவில் 1920களில் உருவான கேலிக் பார்க், புதிதாக வந்திறங்கியவருக்கு வேலையும் அறையும் விசாரிக்கும் இடமாகவும் இருந்தது. 1947 செப்டம்பர் 14 அன்று அயர்லாந்தின் கேலிக் கால்பந்து இறுதியாட்டமே அந்த நகரின் போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பால் மைதானத்தில் நடந்தது. பெரும் பஞ்சத்தின் நூற்றாண்டு நினைவாகக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். 34,491 பேர் பார்க்க, கேவன் 2-11, கெர்ரி 2-7 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). பந்து வீசுபவருக்கான மண்மேடு மைதானத்தின் நடுவே அப்படியே இருந்தது, அதைச் சுற்றியும் மேலேறியும் ஓடினார்கள். அயர்லாந்து முழுக்க வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. தொலைபேசி இணைப்புக்கு வாங்கிய நேரம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர், இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று ஒலிபரப்பிலேயே கெஞ்சினார். கிடைத்தது.

கேலிக் பார்க்கின் ஏற்ற இறக்கத்தைக் குடியேற்றச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்கலாம். 1965இல் அமெரிக்கா சட்டத்தை மாற்றியதும் ஐரிஷ் வரத்து சுருங்கியது, அணிகள் மெலிந்தன. 1986இலும் 1990இலும் வந்த சிறப்பு விசாத் திட்டங்கள் மறுபடி இளைஞர்களைக் கொண்டுவந்தன. இன்று உள்ளூரில் பிறந்த பிள்ளைகளையும் பயிற்றுவிக்கிறார்கள். 2023இல் நியூயார்க் அணி, கொனாட் மாகாணக் கால்பந்துப் போட்டியில் லீட்ரிம் அணியைத் தோற்கடித்துத் தன் முதல் வெற்றியைப் பெற்றது. கால்பந்தில் என்பதையும் கவனிக்க வேண்டும். அயர்லாந்துக்கு வெளியே கேலிக் விளையாட்டு பரவிய பெரும்பாலான இடங்களில் கால்பந்தே முந்துகிறது. அதற்கு ஒரு பந்து போதும், மரம் வேண்டாம்.

புவனோஸ் ஐரிஸ் கிளப் சாகவில்லை. நகரத்தை ஒட்டிய ஹர்லிங்ஹாமில் இன்றும் இருக்கிறது. (ஊர்ப்பெயர் ஹர்லிங்கால் வந்ததல்ல, ஆங்கிலேயர்கள் லண்டனின் போலோ கிளப்பை நினைத்து 1888இல் தொடங்கிய கிளப்பால் வந்தது. விளக்கிச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை போலும்.) உறுப்பினர்கள் ரக்பி ஆடுகிறார்கள், வளைகோல் பந்தாட்டம் ஆடுகிறார்கள். ரக்பி அணி நகர லீக்கில் ஆடுகிறது. அயர்லாந்திலிருந்து குழுக்கள் வரும்போது ஹர்லி மட்டைகள் வெளியே வருகின்றன. தரையோட்டமாகப் பந்தை அடிக்க வளைகோல் பழக்கியிருக்கிறது. பாயும் பந்தைத் தாவிப் பிடிக்கவும் தோளோடு தோள் மோதவும் ரக்பி பழக்கியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஹர்லிங்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம் என்பதை அந்த மைதானத்தில் மட்டும்தான் சோதித்துப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: இன்றைய புவனோஸ் ஐரிஸ் தெருக்களில் வேறெந்த மரத்தையும்விட அதிகமாக நட்டிருப்பது ஆஷ்தான், வட அமெரிக்க வகை. நடைபாதைச் சிமெண்டுக்குள் அடித்தூர் புதைந்த மரங்கள். மட்டைக்காரர் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகலாம்.

மரப் பஞ்சம் இப்போது அயர்லாந்துக்கே வந்திருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,50,000 மட்டைகள் தேவைப்படுகின்றன. மரத்தில் பெரும்பங்கு இறக்குமதி. 1992இல் போலந்தில் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருவதைக் கண்டார்கள். கிழக்கு ஆசியாவின் மஞ்சூரிய ஆஷ் மரத்தில் பெரிய தீங்கின்றிக் குடியிருந்த ஒரு பூஞ்சை, அந்த உறவுக்குப் பழகாத ஐரோப்பிய மரத்தில் தொற்றியிருந்தது. உதிர்ந்த இலைக்காம்புகளில் கோடையில் சின்னஞ்சிறு வெண்காளான்களாக முளைத்து, காற்றில் வித்துகளைப் பரப்பி, இலை வழியே கிளைக்குள் இறங்கித் தண்ணீர்ப் பாதையை அடைக்கிறது. 2012இல் லீட்ரிம் மாவட்டத்தில், இறக்குமதி செய்து நட்ட கன்றுகளில் அயர்லாந்து அதை முதன்முதலாகக் கண்டது. இப்போது நாடு முழுதும் பரவிவிட்டது. தாக்குப்பிடிக்கும் மரங்கள் மிகச் சில. அவற்றின் விதையைச் சேகரித்து வளர்க்கிறார்கள். இன்று நட்டால் மட்டைக்கு 25 ஆண்டு.

அதுவரை? பிளாஸ்டிக் கலவை மட்டைகள் வந்துவிட்டன. கிளேர் மாவட்டத்தின் டோர்பி நிறுவனம் மூங்கில் பட்டைகளை ஒட்டி அழுத்திச் செய்யும் மட்டையை 2020இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூங்கிலில் நார் ஒரே சீராக ஓடும், நான்கைந்து ஆண்டில் முதிரும், அடித்தூருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள்: பந்தில் படும் ஓசை வேறாம். விதிப் புத்தகத்துக்கு ஓசையைப் பற்றிக் கவலையில்லை. களத்தில் ஓடுபவரின் மட்டை, விரிந்த பாகத்தில் 13 சென்டிமீட்டருக்கு மேல் அகலக் கூடாது என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது.